குழந்தையைத் தேடிய பரிசோதனை தாயைக் கண்டது: ஒரு நிகழ்வு ஆய்வு

வெள்ளிக்கிழமை மாலை அந்தக் கர்ப்பிணிப் பெண்ணுக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. “உங்கள் ரத்தப் பரிசோதனையில் ஒரு குரோமோசோம் குறை தெரிகிறது, திங்கட்கிழமை மரபியல் ஆலோசகரைப் பாருங்கள்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். அறிக்கையின் படம் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது. ‘ஒற்றை எக்ஸ் குரோமோசோம்: உயர் ஆபத்து’ என்ற வரி சிவப்பில் இருந்தது. அதற்குக் கீழே, பரிசோதனையின் கண்டறியும் திறன் 99 சதவீதத்துக்கும் மேல் என்று அச்சிட்டிருந்தது. கணவனும் மனைவியும் மூன்று இரவுகள் உறங்காமல் அந்த இரண்டு வரிகளையும் சேர்த்துப் படித்து, தங்கள் குழந்தைக்கு டர்னர் சிண்ட்ரோம், அதாவது பெண்களுக்கு இருக்க வேண்டிய இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று இல்லாத நிலை, இருப்பது 99 சதவீதம் உறுதி என்ற முடிவுக்கு வந்திருந்தார்கள். என் அறைக்குள் வந்து உட்கார்ந்ததும் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, கருவைக் கலைக்க இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்பதுதான்.

அந்தப் பெண்ணின் ஒப்புதலுடன் இதை எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

வந்தபோது இருந்த நிலை

வயது 31. முதல் கர்ப்பம். பத்தாவது வாரம் முடிந்த சில நாட்களில் கையில் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். இரு குடும்பத்திலும் மரபணு நோய் என்று சொல்லக்கூடியது எதுவும் இல்லை. சற்றுக் குட்டையான உருவம், மற்றபடி முழு ஆரோக்கியம். மாதவிடாய் சீராகவே வந்துகொண்டிருந்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ளிட்ட மூன்று முக்கிய டிரைசோமிகளுக்கும் (ஒரு குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருக்கும் நிலைகள்) முடிவு ‘குறைந்த ஆபத்து’. எக்ஸ் குரோமோசோம் மட்டும் எண்ணிக்கையில் குறைவாகத் தெரிந்தது. என்னைப் பார்க்க வந்த அன்றே செய்த ஸ்கேனில் கருவின் வளர்ச்சி நாட்களுக்கு ஏற்ப இருந்தது. கழுத்துக்குப் பின்னால் சேரும் நீரின் அளவு 1.4 மில்லிமீட்டர், அதாவது இயல்பு. டர்னர் உள்ள கருக்களில் அடிக்கடி தெரியும் கழுத்து வீக்கம் இல்லை.

பரிசோதனைக்கு முன்பு என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். “வயிற்றில் ஊசி போட வேண்டாம், குழந்தைக்கு ஆபத்தில்லை, எல்லோரும் செய்துகொள்கிறார்கள் என்றார்கள். கையெழுத்துப் போட்டேன்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அவர்களும் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கையெழுத்துக்கும் இந்த மூன்று இரவுகளுக்கும் இடையில் நடந்திருக்க வேண்டிய ஓர் உரையாடல் நடக்கவே இல்லை. இந்த ஆய்வு முழுவதும் அந்த உரையாடலைப் பற்றியதுதான்.

முதலில் பிரிக்க வேண்டிய முடிச்சு

தாயின் ரத்தத்தில் கருவின் டி.என்.ஏ துணுக்குகள் மிதக்கின்றன என்பதை மருத்துவ ஆய்வாளர் டென்னிஸ் லோவும் அவருடைய குழுவினரும் 1997இல் வெளியிட்டார்கள். 2011இல் அது மருத்துவமனைப் பரிசோதனையாக வந்தது. என்.ஐ.பி.டி என்ற சுருக்கப் பெயர் இன்று கர்ப்பிணிகளின் பேச்சிலேயே புழங்குகிறது. துணுக்குகளை எண்ணி, எந்தக் குரோமோசோமிலிருந்து வந்தவை எதிர்பார்த்ததைவிடக் கூடுதல், எவை குறைவு என்று கணக்கிடுவதுதான் இதன் அடிப்படை.

இங்கே எல்லோருக்கும் தப்பிவிடும் செய்தி ஒன்று உண்டு. கருவின் டி.என்.ஏ என்று நாம் சொல்வது உண்மையில் நஞ்சுக்கொடியின் வெளிச்செல்கள் மடிந்து உதிர்ப்பது. பத்தாவது வாரத்தையொட்டித் தாயின் ரத்தத்தில் மிதக்கும் துணுக்குகளில் அது ஏறத்தாழ 10 சதவீதம்தான். மீதி 90 சதவீதம் தாயுடையது. பரிசோதனைக் கருவி இரண்டையும் சேர்த்தே எண்ணுகிறது. ஆகவே அறிக்கையில் தெரியும் ஒரு குறை குழந்தையில் இருக்கலாம், நஞ்சுக்கொடியில் மட்டும் இருக்கலாம், தாயிடமே இருக்கலாம். கணக்கில் நேர்ந்த தற்செயலாகவும் இருக்கலாம். கருவைத் தொடாமல் கருவைப் பற்றிச் சொல்லும் எந்தச் சோதனையும் இந்த நான்கையும் முழுதாகப் பிரித்துவிட முடியாது. அதனால்தான் இதை ஸ்கிரீனிங் என்கிறோம். உறுதிப்படுத்துவதற்கு நஞ்சுக்கொடித் திசுவையோ பனிக்குட நீரையோ எடுத்துப் பார்க்க வேண்டும்.

அந்தத் தம்பதியிடம் இதைச் சொல்வதற்கு முன்னால் அந்த 99 சதவீதத்தை அவிழ்க்க வேண்டியிருந்தது. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, புரிந்துகொள்ள எளிதான டவுன் சிண்ட்ரோமை எடுத்துக்காட்டாக வைத்துக் கணக்குப் போட்டேன். ஆயிரம் கர்ப்பத்தில் ஒன்றுக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும் வயதில் ஒரு லட்சம் பெண்கள் பரிசோதனை செய்துகொள்கிறார்கள் என்று வையுங்கள். உண்மையில் பாதிப்புள்ள கருக்கள் 100. பரிசோதனை அதில் 99ஐப் பிடித்துவிடும், அதுதான் 99 சதவீதத் திறன். மீதி 99,900 கருக்களுக்குப் பாதிப்பில்லை. ஆயிரத்தில் ஒன்றுக்குத் தவறான எச்சரிக்கை என்றாலும் அவற்றில் ஏறத்தாழ 100 பேருக்கு ‘உயர் ஆபத்து’ என்று வந்துவிடும். ஆக, சிவப்பு எழுத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் 199 பேர். அவர்களில் உண்மையாகவே பாதிப்புள்ளவர்கள் பாதிப் பேர்தான்.

இதே பரிசோதனையை, நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் பாதிப்பு இருக்கும் வயதுப் பெண்கள் ஒரு லட்சம் பேர் செய்தால் 990 பேர் சரியாகப் பிடிபடுவார்கள், 99 பேர் வீணாகக் கலங்குவார்கள். அப்போது சிவப்பு எழுத்து பத்துக்கு ஒன்பது முறை உண்மை. கருவி ஒன்றே, திறன் ஒன்றே. வாங்கிப் படிப்பவர் யார் என்பதைப் பொறுத்து அறிக்கையின் பொருள் மாறிவிடுகிறது.

கணவர் தாளைத் தன் பக்கம் திருப்பி அந்தக் கூட்டலை மறுபடியும் போட்டுப் பார்த்தார். “இதை ஏன் அறிக்கையில் எழுதுவதில்லை?” என்று கேட்டார். சில ஆய்வகங்கள் இப்போது எழுதுகின்றன, பல எழுதுவதில்லை என்றேன். எனக்கு இதில் நடுநிலை கிடையாது. கண்டறியும் திறனை மட்டும் அச்சிட்டு, இந்தப் பெண்ணுக்கு இந்த முடிவு எவ்வளவு நம்பத்தக்கது என்பதை அச்சிடாத அறிக்கையைக் கர்ப்பிணியிடம் கொடுக்கவே கூடாது என்று நினைக்கிறேன்.

ஒற்றை எக்ஸ் முடிவின் நிலைமை டவுன் சிண்ட்ரோமைவிட மோசம். உயிருடன் பிறக்கும் பெண் குழந்தைகளில் ஏறத்தாழ 2,000 முதல் 2,500 பேருக்கு ஒருவருக்கு டர்னர் சிண்ட்ரோம் உண்டு. ஆனால் எக்ஸ் குரோமோசோம் விஷயத்தில் தவறான எச்சரிக்கைக்கு வழிகள் அதிகம். வயது ஏற ஏறப் பெண்களின் ரத்தச் செல்கள் சிலவற்றில் ஓர் எக்ஸ் உதிர்ந்துபோவது இயல்பான ஒன்று. நஞ்சுக்கொடியில் மட்டும் ஒற்றை எக்ஸ் செல்கள் இருப்பதும் உண்டு. ‘உயர் ஆபத்து’ என்று வரும் முடிவுகளில் பாதிக்கும் மேல் குழந்தையில் உறுதியாவதில்லை. இவர்களுக்கோ ஸ்கேனும் இயல்பாக இருந்தது.

டர்னர் சிண்ட்ரோமைப் பற்றியும் பேசினோம், ஏனென்றால் அது உண்மையாக இருக்கவும் வாய்ப்பிருந்தது. மூன்று இரவுகளில் இணையத்தில் அவர்கள் கண்டவை பெரும்பாலும் மருத்துவப் பாடப் படங்கள். டர்னர் உள்ள பெண்கள் உயரம் குறைவாக இருப்பார்கள், பலருக்கு இதயத்திலும் பெருந்தமனியிலும் கவனம் தேவை, பெரும்பாலோருக்கு இயல்பாகக் கருத்தரிப்பது கடினம். பொதுவான அறிவுத்திறன் பெரும்பாலும் இயல்பு. படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், வாழ்கிறார்கள். இதைச் சொன்னபோது அந்தப் பெண் அழுதார். கலைப்பதைப் பற்றிய பேச்சு அன்று மறுபடி எழவில்லை. அதற்காக அந்த வழி மூடப்பட்டது என்று நான் சொல்லவில்லை. ஸ்கிரீனிங் முடிவை மட்டும் வைத்துத் திரும்பப் பெற முடியாத முடிவெதையும் எடுக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். மருத்துவ அமைப்புகள் எல்லாம் வலியுறுத்துவதும் அதைத்தான்.

காத்திருந்த நான்கு வாரங்கள்

நஞ்சுக்கொடித் திசுவை உடனே எடுத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் சந்தேகமே நஞ்சுக்கொடியின் மீது இருக்கும்போது, அதே நஞ்சுக்கொடியைச் சோதித்தால் குழப்பம் தீராமல் போகக்கூடும். பனிக்குட நீரில் மிதப்பவை குழந்தையின் செல்கள். அதற்குப் பதினைந்தாவது வாரமாவது முடிந்திருக்க வேண்டும். கருச்சிதைவு அபாயத்தைப் பற்றியும் பேசினோம். பழைய புத்தகங்கள் 200 பேருக்கு ஒருவர் என்றும் அதற்கு மேலும் சொல்லும். அண்மைக் கால ஆய்வுகளில் அந்த அபாயம் மிகவும் குறைவு. அவர்கள் காத்திருக்கத் தீர்மானித்தார்கள்.

நான்கு வாரம் என்பது எங்களுக்கு நாட்காட்டியில் ஒரு பக்கம். அவருக்கு அப்படியில்லை. வயிறு தெரியத் தொடங்கியது, அலுவலகத்தில் வாழ்த்தினார்கள், வாழ்த்துக்கு நன்றி சொல்லக் கூசியதாகப் பின்னர் சொன்னார். வாரம் ஒருமுறை நான் தொலைபேசியில் அழைத்துப் பேசினேன். பெரும்பாலும் புதிதாகச் சொல்ல ஒன்றும் இருக்காது. அந்த அழைப்புகளுக்குப் பணிக்குறிப்பில் இடம் இல்லை, எந்த மருத்துவமனையும் அவற்றைக் கணக்கில் எடுப்பதில்லை. இருந்தாலும், இந்தப் பரிசோதனை வந்த பிறகு எங்கள் வேலையின் பெரும்பகுதி அங்கேதான் போயிருக்கிறது.

பதினாறாவது வாரத்தில் பனிக்குட நீர் எடுத்தார்கள். சில நாட்களில் முதல் கட்ட முடிவும், இரண்டு வாரத்தில் முழுக் குரோமோசோம் வரிசையும் வந்தன. எல்லாச் செல்களிலும் இரண்டு எக்ஸ். குழந்தைக்கு டர்னர் இல்லை.

அந்தச் செய்தியைச் சொன்ன அன்று கணவர் நாற்காலியிலிருந்து எழுந்து சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். பல கோப்புகள் இந்த இடத்தில் மூடப்படுகின்றன. இந்தக் கோப்பை மூட முடியவில்லை.

நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டியது

குழந்தை இயல்பு என்றால் அந்தக் குறை எங்கிருந்து வந்தது? இதைக் கேட்டு ஆய்வகத்துக்கு எழுதினேன். பதிலில் இரண்டு எண்கள் இருந்தன. மாதிரியில் நஞ்சுக்கொடியின் பங்கு 9 சதவீதம். எக்ஸ் குரோமோசோமின் அளவு இயல்பைவிட ஏறக்குறைய 7 சதவீதம் குறைவு.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் விஷயம் தெளிவாக இருந்தது. கரு தரும் பங்கு 9 சதவீதம்தான். அந்தக் கருவில் இரண்டு எக்ஸில் ஒன்று முழுக்க இல்லாமலே போனாலும் மொத்த எக்ஸ் அளவில் குறையக்கூடியது அதில் பாதி, 4.5 சதவீதம். ஏழு சதவீதக் குறையைக் கருவோ நஞ்சுக்கொடியோ தனியாக உண்டாக்கியிருக்க முடியாது. அந்தக் குறை தாயின் பங்கிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

தாயின் ரத்தத்தில் 50 செல்களை எண்ணினோம். எட்டுச் செல்களில் ஓர் எக்ஸ் மட்டும் இருந்தது, மற்றவற்றில் இரண்டு. அதாவது அவர், சில செல்களில் மட்டும் ஓர் எக்ஸ் இல்லாத மொசைக் டர்னர் நிலையோடு பிறந்து, 31 ஆண்டுகள் தெரியாமலே வாழ்ந்து வந்திருக்கிறார். வயதால் உதிரும் எக்ஸ் என்று தள்ளிவிட அந்த எண்ணிக்கை அவருடைய வயதுக்கு மிக அதிகம். குட்டையான உருவத்துக்கு இப்போது ஒரு விளக்கம் கிடைத்தது.

இது பெயர் சூட்டிவிட்டு நகரக்கூடிய விஷயம் இல்லை. டர்னர் உள்ள பெண்கள் கர்ப்பமாக இருக்கும்போது பெருந்தமனி விரிந்து கிழியும் ஆபத்து உண்டு. மொசைக் நிலையில் அது குறைவு என்றாலும் பார்க்காமல் விட முடியாது. அதே வாரம் இதய மருத்துவரிடம் அனுப்பி எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுக்கச் செய்தோம். வால்வும் பெருந்தமனியும் அவருடைய உடல் அளவுக்கு இயல்பாக இருந்தன. பேறுகாலம் முழுவதும் ரத்த அழுத்தத்தையும் தமனியின் அளவையும் தொடர்ந்து கவனிக்க ஏற்பாடு செய்தோம். இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. சினைப்பை மற்றப் பெண்களுக்கு ஓய்வதைவிட முன்கூட்டியே ஓய்ந்துபோகலாம். இரண்டாவது குழந்தை வேண்டுமென்றால் காலத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

என் தவறு இங்கேதான். குறை தாயிடமிருந்தும் வரலாம் என்பது எனக்கு முதல் நாளே தெரியும். மூன்று இரவு உறங்காமல் வந்தவரிடம் இன்னொரு சுமையை வைக்க வேண்டாம் என்று நினைத்து, நஞ்சுக்கொடியைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டு இதை விட்டுவிட்டேன். அந்த இரண்டு எண்களை அன்றே ஆய்வகத்தில் கேட்டிருந்தால் நான்கு வாரக் காத்திருப்பின் நிறமே மாறியிருக்கும். எக்கோவும் ஆறு வாரம் முன்னதாக நடந்திருக்கும். இதை அவரிடமே சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எனக்குத் தாங்கும் சக்தி உண்டா என்று என்னைக் கேட்டிருக்கலாம்” என்றார்.

ஆலோசனை எங்கே இடம் மாறியது

‘மரபியல் ஆலோசனை’ என்ற பெயரை 1947இல் அமெரிக்க மரபியலாளர் ஷெல்டன் ரீட் வைத்தார். அன்றிலிருந்து நீண்ட காலம் எங்களிடம் வந்தவர்கள் கேள்வியோடு வந்தவர்கள். குடும்பத்தில் ஒரு நோய், முன்பு ஒரு குழந்தையின் இழப்பு, 35ஐத் தாண்டிய வயது. பனிக்குட நீர் எடுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினோம். ஊசியின் பயம் ஒரு வகையில் உதவியது. அந்த ஊசி வேண்டுமா, தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறோம் என்று தம்பதிகள் தங்களுக்குள்ளேயே கேட்டுக்கொண்டார்கள்.

புதிய பரிசோதனை அந்தத் தயக்கத்தை நீக்கிவிட்டது. பனிக்குட நீர் எடுக்கப்படும் பெண்களின் எண்ணிக்கை பெருமளவு குறைந்திருக்கிறது, அது உண்மையான நன்மை. இந்தப் பரிசோதனை வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. டவுன் சிண்ட்ரோமைப் பொறுத்தவரை பழைய ரத்தக் கணக்கீடுகளைவிட இது பல மடங்கு துல்லியமானது. 2020இலிருந்து அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பு வயதைப் பாராமல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இதை முன்வைக்கலாம் என்று சொல்கிறது. ஆனால் எல்லோருக்கும் என்றானபோது, பரிசோதனைக்கு முந்தைய பேச்சு ஆலோசகரின் அறையை விட்டு வெளியேறி, நெரிசலான புறநோயாளிப் பிரிவில் சில நிமிடமாகச் சுருங்கிவிட்டது. கேள்வி எழுவதற்கு முன்பே பதில் வந்துவிடுகிறது. நாங்கள் பதிலிலிருந்து பின்னோக்கி நடந்து, கேட்கப்படாத கேள்வியை அவர்களோடு சேர்ந்து கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

சோதிக்கும் பட்டியலும் நீண்டுகொண்டே போகிறது. முதலில் மூன்று டிரைசோமிகள், பிறகு எக்ஸ், ஒய் என்னும் பால் குரோமோசோம்கள், பிறகு மிக நுண்ணிய துண்டிழப்புகள். நோய் எவ்வளவு அரியதோ அவ்வளவுக்குத் தவறான எச்சரிக்கை மேலோங்கும் என்பதை மேலே போட்ட கணக்கே காட்டுகிறது. 22ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு இல்லாமல் போகும் நிலை ஏறத்தாழ 4,000 பிறப்புகளில் ஒன்று. வேறு சில துண்டிழப்புகள் அதையும்விட மிக அரியவை. 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இந்தப் பரிசோதனைகளைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. ஸ்கிரீனிங் முடிவை மட்டும் நம்பிக் கர்ப்பத்தைக் கலைத்தவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் அதில் குறிப்பிட்டது. பட்டியலில் எது வேண்டும், எது வேண்டாம் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை கர்ப்பிணிக்கு உண்டு என்பதே பலருக்குச் சொல்லப்படுவதில்லை.

தாயைப் பற்றிய தற்செயல் கண்டுபிடிப்பு டர்னரோடு நிற்பதும் இல்லை. பல குரோமோசோம்கள் ஒரே நேரத்தில் தாறுமாறாகத் தெரியும் அறிக்கைகள் உண்டு. அவற்றில் சில, அறிகுறியே இல்லாத தாயின் உடலில் இருக்கும் புற்றுக்கட்டி உதிர்க்கும் டி.என்.ஏ. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் நடந்த ஓர் ஆய்வின் முடிவுகள் 2024 இறுதியில் வெளியாயின. இத்தகைய விசித்திர முடிவு வந்த 107 பெண்களை முழுமையாகப் பரிசோதித்தபோது 52 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. குழந்தையைப் பற்றி அறியக் கையெழுத்திடும் ஒருவர் தன் உடலைப் பற்றியும் கையெழுத்திடுகிறார். அதை அவரிடம் சொல்லாமல் வாங்கும் கையெழுத்தை ஒப்புதல் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்த நிகழ்வுக்குப் பிறகு நாங்கள் மாற்றியது

பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் விடாமல் செய்கிறோம். ரத்தம் எடுக்கும் செவிலியர்களுடன் உட்கார்ந்து, ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய பேச்சு ஒன்றை வகுத்தோம். இது உறுதி சொல்லும் சோதனை அல்ல. முடிவு சிவப்பாக வந்தால் அடுத்து என்ன, அதற்கு எத்தனை வாரம் ஆகும். உங்கள் உடலைப் பற்றியும் ஏதாவது தெரியவரலாம், அதை அறிய விரும்புகிறீர்களா. வேண்டாம் என்று சொல்லவும் உரிமை உண்டு. ஒப்புதல் கேட்பதும் ரத்தம் எடுப்பதும் முடிந்தவரை ஒரே நாளில் நடக்காதபடி பார்த்துக்கொள்கிறோம். ‘உயர் ஆபத்து’ முடிவை வார இறுதிக்கு முந்தைய மாலையில் தொலைபேசியில் சொல்வதை நிறுத்திவிட்டோம். சொல்பவர், மறுநாள் சந்திக்கும் நேரத்தையும் கையோடு குறித்துக் கொடுக்கிறார். பால் குரோமோசோம் முடிவு வந்தால் நஞ்சுக்கொடியின் பங்கையும் குறையின் அளவையும் ஆய்வகத்திடம் அன்றே கேட்டு வாங்குகிறோம்.

அந்த ஐந்து நிமிடத்தைக் கேட்டுவிட்டுச் சிலர் பரிசோதனை வேண்டாம் என்று எழுந்து போகிறார்கள். ஆரம்பத்தில் இது ஒரு மருத்துவரைச் சங்கடப்படுத்தியது. எனக்கு அவர்களைப் பார்க்கும்போது நிம்மதியாக இருக்கிறது. கேள்வியைக் கேட்டு, தங்களுக்கான பதிலைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

அந்தப் பெண்ணுக்கு 38ஆவது வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது. தாயின் பெருந்தமனி அளவு மாறவில்லை. பேறு முடிந்து சில மாதங்கள் கழித்துச் சினைப்பையின் இருப்பைக் காட்டும் ஹார்மோனை அளந்தபோது அது அவருடைய வயதுக்கு எதிர்பார்ப்பதைவிடக் குறைவாக இருந்தது. அதைச் சொல்வதற்கு முன், இன்றே கேட்க விரும்புகிறீர்களா, கணவர் வந்த பிறகா என்று கேட்டேன். தோளில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டு, “இப்போதே சொல்லுங்கள்” என்றார்.